மூன்று காயலும் ஒரு கழியும்

முன்னுரை

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றன. அந்நெய்தலுள்ளும் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. அதனை முற்றும் கடல் என்றும் சொல்லுதற்கில்லை. முற்றும் ஆறு என்றும் சொல்லுதற்கில்லை. ஓதம் ஏறுங்கால் உவராகியும், மழைவெள்ளம் இறங்குங்கால் நன்னீராகியும் இயல்பு மாறும் அந்நீர்நிலையை நம் முன்னோர் கழி என்றனர்.

வரலாறு எழுதுவோர் கோட்டைகளை நோக்குவர், கோயில்களையும் பள்ளிவாசல்களையும் நோக்குவர், போர்க்களங்களை நோக்குவர். சேறும் நாணலும் நிறைந்த கழியை நின்று நோக்குவோர் சிலரே. ஆயினும் பாண்டியநாட்டுக் கடல்வாணிகத்தின் ஏற்றமும் இறக்கமும் தாமிரபரணி கடலொடு கலக்கும் ஒரு சிறு கழியின் சேற்றிலே எழுதப்பட்டுள்ளன. கொற்கையும் பழைய காயலும் புன்னைக்காயலும் காயல்பட்டினமும் அக்கழியின் வரலாற்றில் அடுத்தடுத்து வரும் ஊர்கள். அவ்வூர்களைத் தனித்தனியே பலரும் ஆராய்ந்துள்ளனர். அவற்றை ஒன்றாக இணைக்கும் கழியையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லை நோக்குவோம். காயல் என்பது கடலொடு தொடர்புடைய உப்பங்கழியையும், ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தையும் குறிக்கும் சொல். மலையாள நாட்டிலும் இச்சொல் இப்பொருளிலேயே இன்றும் பெருவழக்காக உள்ளது; வேம்பநாட்டுக் காயல், அஷ்டமுடிக் காயல் என்னும் பெயர்கள் நாம் அறிந்தனவே.

எனவே காயல் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர் அன்று. ஒரு நீர்நிலையின் பெயர். அந்நீர்நிலையின் கரையில் எழுந்த குடியிருப்புக்கு அதன் பெயரே ஆகி வந்தது. இலக்கண நூலார் இதனை இடவாகுபெயர் என்பர். பின்னர்ப் புதிய குடியிருப்புகள் எழுந்தபோது பழையது பழைய காயல் ஆயிற்று. புன்னை மரங்கள் நின்ற கரை புன்னைக்காயல் ஆயிற்று. பட்டினமாக வளர்ந்தது காயல்பட்டினம் ஆயிற்று. ஒரு பெயர் மூன்று ஊர்களுக்கு வாய்த்தமைக்குக் காரணம் இவ்வாகுபெயரே. இக்கருத்தை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் வரலாற்றுச் சிக்கல் ஒன்றுக்கு இதுவே திறவுகோல்.

கழியின் அமைப்பு

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, பொருநை எனவும் வழங்கும் ஆறு. ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி மன்னார் வளைகுடாவில் புன்னைக்காயல் அருகே கலக்கின்றது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் நீர் பெறுவது இதன் தனிச்சிறப்பு. மலையில் விரைந்து இறங்கும் ஆறு திருநெல்வேலியைக் கடந்து, திருவைகுண்டம், ஏரல், ஆத்தூர், முக்காணி என வரும்போது நிலம் ஏறத்தாழச் சமதளமாகி விடுகின்றது. சரிவு குறையின் விரைவு குறையும். விரைவு குறையின் நீர் சுமந்துவரும் மண் கீழே படியும்.

கடலை அடையும் இடத்தில் மற்றொரு செயலும் நிகழ்கின்றது. ஆற்றுநீரில் மிதந்துவரும் நுண்ணிய களிமண் துகள்கள் உவர்நீரைச் சார்ந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து விரைவில் அமிழ்ந்து விடும். மன்னார் வளைகுடாவில் ஓத ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்கும் உட்பட்டவையே ஆதலின், படிந்த வண்டலை வாரிக்கொண்டு போகும் ஆற்றல் அக்கடலுக்குக் குறைவு. இவற்றோடு, கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் பருவத்துக்கேற்பத் திசை மாறி மணலைக் கொணர்ந்து முகத்துவாரத்தில் திட்டாகக் குவிக்கின்றது. ஆற்றில் வெள்ளம் வரும்போது அத்திட்டு உடையும். வெள்ளம் வடிந்தபின் மீண்டும் சேரும்.

ஆகவே இக்கழி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. ஆறு கொணரும் மண்ணால் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு, மேலும் கிழக்கே புதுவாய் திறந்துகொள்வது இதன் இயல்பு. கடல் உள்வாங்கிற்று என்று மக்கள் சொல்வர். பெரும்பாலும் நடந்தது, நிலம் கடலை நோக்கி வளர்ந்தது என்பதே.

கொற்கை

இக்கழியின் வரலாற்றில் முதலில் நிற்பது கொற்கை. அகநானூறு, ஐங்குறுநூறு, மதுரைக்காஞ்சி முதலிய சங்க நூல்கள் கொற்கையைக் கூறுகின்றன. முத்துக்குப் பெயர்பெற்ற துறை அது. சிலப்பதிகாரம் பாண்டிய மரபினனாகிய வெற்றிவேற்செழியனைக் கொற்கையில் இருந்தவனாகக் காட்டுகின்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் இவ்வூரைக் கொல்கோய் என வழங்கி, பாண்டியர்க்குரிய முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகின்றது. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமியும் இத்துறையைக் குறித்துள்ளார்.

1968-69ஆம் ஆண்டுகளில் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த கரிமாதிரி ஒன்றின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. 2021-இல் அரசு மீண்டும் அங்கு அகழாய்வு மேற்கொண்டது.

இன்று கொற்கை ஒரு சிற்றூர். வயலும் குளமும் வாழையும் சூழ்ந்த அவ்வூரிலிருந்து கடல் ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில் உள்ளது. அயலில் அக்கசாலை என்னும் பெயரால் வழங்கும் இடம், நாணயம் அடித்த சாலையைத் தன் பெயரில் மட்டும் வைத்துக் கொண்டிருக்கின்றது. ஈராயிரம் ஆண்டுகளில் 7 கி.மீ. எனக் கொண்டால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக மூன்றரை மீட்டர் நிலம் வளர்ந்துள்ளது. ஓர் ஆண்டில் கண்ணுக்குப் புலனாகாத வளர்ச்சி. ஒரு மனிதன் வாழ்நாளில் அவன் தந்தை தோணி கட்டிய இடம் வயலாகிவிடும் வளர்ச்சி. எந்தப் பகைவனும் கொற்கைத் துறையை அழிக்கவில்லை. வண்டலே அதனை மூடிற்று.

பழைய காயல்

கொற்கைத் துறை தூர்ந்தபின் வாணிகம் கழியின் புதுவாயை நாடிக் கிழக்கே பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த வெனிசு நாட்டு மார்க்கோ போலோ, காயலைப் பெரியதும் சிறந்ததுமான நகரம் என்று போற்றுகின்றார். ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கலங்கள் யாவும் அங்கு வந்து தங்கின என்பது அவர் கூற்று. அக்காலத்தில் பாண்டியநாட்டை ஆண்டவன் மாறவர்மன் குலசேகரன்.

அரபு நாட்டார் சோழ, பாண்டிய நாடுகளின் இக்கடற்கரையை மஅபர் என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அச்சொல்லின் பொருள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கீஷ் தீவின் வணிகர் தலைவர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை இக்கரைக்கு அனுப்ப உடன்பட்டதையும், பாரசீக வளைகுடாத் துறைகள் பலவற்றிலிருந்தும் 10,000 குதிரைகள் வரை வந்ததையும் எழுதியுள்ளார். குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசு என்கின்றார். எண்ணிக்கை சற்று மிகையாகவே இருப்பினும் வாணிகத்தின் அளவு இதனால் புலனாகும். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்தார் என்பதும், காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன என்பதும் இந்நூல்களால் அறியப்படும் செய்திகள். சமயத்தால் வேறாயினும் தொழிலால் தகுதியுடையார் ஒருவரிடம் தன் துறைமுகத்தையே ஒப்படைத்த மன்னனின் நம்பிக்கையும், அந்நம்பிக்கைக்கு உரியவராக வாழ்ந்த அவ்வணிகரின் நேர்மையும் ஒருங்கே எண்ணத்தக்கன.

இத்தனை குதிரைகள் ஏன் வேண்டப்பட்டன என்னும் வினாவிற்கும் மார்க்கோ போலோ விடை தருகின்றார். அவற்றைப் பேணும் முறை இங்குள்ளார்க்குத் தெரியாமையால் பெரும்பாலானவை விரைவில் இறந்தன என்கின்றார். முத்தை விற்றுக் குதிரையை வாங்கிய அச்செல்வப்பெருக்கின் மறுபக்கம் இது.

19ஆம் நூற்றாண்டில் அறிஞர் கால்டுவெல் கொற்கையிலும் பழைய காயலிலும் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். பழைய காயற் பகுதியில் சீன நாட்டு மட்கல ஓடுகளும் மேலைநாட்டு மட்கல ஓடுகளும் பரவிக் கிடப்பதைக் கண்டு, மார்க்கோ போலோவின் காயல் இதுவே எனத் துணிந்தார். 1881-இல் வெளிவந்த அவரது திருநெல்வேலி வரலாற்று நூலில் இச்செய்திகளைக் காணலாம். காயல்பட்டினமே அக்காயல் எனக் கருதுவாரும் உளர்.

இவ்விரு கருத்துகளையும் நாம் முன்னர்க் கூறிய ஆகுபெயர் நெறியால் நோக்குதல் தகும். அயல்நாட்டுப் பயணியர் காதில் விழுந்த காயல் என்னும் பெயர் கழிக்கு உரியது. கழியின் வாய் பெயருந்தோறும் மக்கள் பெயர்ந்தனர். மக்கள் பெயருந்தோறும் ஊரும் பெயர்ந்தது. பெயர் மட்டும் உடன் சென்றது. ஓர் ஊர் உண்மை, மற்றோர் ஊர் பொய் என வழக்காடுவதைவிட, ஒரு கழியின் கரையில் வாழ்ந்த ஒரே கடல்வாழ்வின் வெவ்வேறு காலப்படிகள் இவை எனக் கொள்ளுதலே பொருத்தம்.

புன்னைக்காயலும் காயல்பட்டினமும்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியராகிய பார்போசாவும் காயலையும் அதன் முத்துக்குளிப்பையும் குறிப்பிடுகின்றார். அந்நூற்றாண்டிலேயே கழியின் இன்றைய வாயில் அமைந்த புன்னைக்காயல் சிறப்புற்றது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்தில் நிற்கும் அண்டிரிக் அடிகளார் பணிபுரிந்த ஊர் அது. அவர் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் தமிழெழுத்தால் அச்சேறிய முதல் நூல் எனப் போற்றப்படுவது அந்நூலே.

முகத்துவாரத்திற்குத் தெற்கே கடலை நோக்கி நிற்கும் காயல்பட்டினம் அறிவுக்கும் தமிழுக்கும் பெயர்பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாமேதை சதக்கத்துல்லா அப்பா அவர்கள் அவ்வூரிற் பிறந்தவர்கள். நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரும் அவ்வூரினரே. அரபெழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு தழைத்த இடங்களுள் அஃது ஒன்று.

முத்தும் குதிரையும் மட்டுமே இக்கழி வழியே வந்து சென்றன என எண்ணற்க. சொற்களும் வந்தன. கப்பல் ஓட்டுவோனைக் குறிக்கும் மாலுமி என்னும் சொல், வழிகாட்டி, கற்பிப்போன் என்னும் பொருளுடைய முஅல்லிம் என்னும் அரபுச்சொல்லின் திரிபு என்பர் அகராதியார். தோணிக்கரையில் ஒரு மொழியினர் மற்றொரு மொழியினர்க்குக் கடலைக் கற்பித்தமைக்கு அச்சொல்லே சான்று. ஒருபுறம் பரதவர் கிறித்தவ வழிபாடும், ஒருபுறம் மரக்காயர் பள்ளிவாசலும், மேற்கே பாண்டியர் கோயில்களும் என ஒரு கழியின் நீரை மூன்று சமயத்தாரும் பங்கிட்டு வாழ்ந்துள்ளனர்.

துறை ஆற்றை நீங்கியது

இவ்வரலாற்றின் அடுத்த படி கூர்ந்து நோக்கத்தக்கது. கொற்கை தூர்ந்தபோது துறை காயலுக்குப் பெயர்ந்தது. காயல் தூர்ந்தபோது புன்னைக்காயலுக்குப் பெயர்ந்தது. அதன்பின் அது கழியைப் பின்பற்றவில்லை. கழியையே விட்டு நீங்கிற்று. வடக்கே உள்ள தூத்துக்குடி போர்த்துக்கீசியர் காலத்தில் வளர்ந்து, 1658-இல் டச்சுக்காரர் கைக்கும், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கைக்கும் மாறிற்று. பேராறு எதுவும் அங்குக் கடலொடு கலப்பதில்லை. எனவே தாமிரபரணியின் முகத்தைப் போல வண்டல் வந்து தூர்க்கும் இடர் அங்கில்லை. கடலில் கிடக்கும் சிறு தீவுகள் அலையைத் தடுத்து நின்றன. 1974-இல் அங்குப் புதிய பெருந்துறைமுகமும் அமைந்தது. இன்று அது வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஈராயிரம் ஆண்டுகள் ஆற்றின் வாயை நாடிய வாணிகம், இறுதியில் ஆறு இல்லாத கரையைத் தேர்ந்துகொண்டது. கழிக்குத் துறைமுகப் பெருமை போயிற்று. அதனோடு அதன்மீது ஆள்வோர்க்கும் செல்வர்க்கும் இருந்த அக்கறையும் போயிற்று.

இன்றைய கழி

துறைமுகம் நீங்கினும் கழியின் பயன் நீங்கவில்லை. இப்பகுதியை இன்று காண்போர் ஒரு வியப்பைக் காணலாம். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் உள்ளது. அவ்வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குச் சில கி.மீ. தொலைவிலேயே பழைய காயலை அடுத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. வெற்றிலை சிறிதும் உவர் பொறாதது. உப்பளமோ உவரால் வாழ்வது. இவ்விரண்டையும் இத்தனை அண்மையில் வாழவைப்பது கழியில் நன்னீரும் கடல்நீரும் கொண்டுள்ள சமநிலை. கழியோரத்து அலையாத்தி மரங்களின் வேர்களிடையே இறாலும் நண்டும் மடவையும் குஞ்சுப் பருவத்தில் வளர்கின்றன. கடலில் மீன்பிடிப்போர் வலையில் விழுவதில் ஒரு பகுதி கழியில் பிறந்து வளர்ந்ததே.

அச்சமநிலை ஆற்றில் வரும் நன்னீரைப் பொறுத்தது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியானது ஆங்கிலேயர் காலத்துத் திருவைகுண்டம் அணைக்கட்டு. மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தன. உழவுக்கும் குடிநீருக்கும் இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றால் கழிக்கு வந்துசேரும் நீரும் குறைந்தது, வண்டலும் குறைந்தது. நீர் குறையின் உவர் மேலேறும், கிணறுகள் கரிக்கும். முன்னர் வண்டல் மிகுந்தமையால் ஊர்கள் பெயர்ந்தன. இன்று வண்டலும் நன்னீரும் குறைதல் அச்சம் தருகின்றது. கழிக்கு மிகுதியும் தீது, குறைவும் தீது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழை 66 செ.மீ. அளவினதே. ஓராண்டு மழையை மிஞ்சிய மழை ஒரே நாளில் பெய்தது. குளங்கள் உடைந்தன. ஆறு கரைபுரண்டது. ஏரல், ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் முதலிய ஊர்கள் நீரால் சூழப்பட்டுத் துண்டிக்கப்பட்டன. ஏரலில் ஆற்றுப்பாலம் சேதமுற்றது. திருவைகுண்டத்தில் தொடர்வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான பயணியரோடு நின்றுவிட, அவ்வூர் மக்கள் தம் இல்லத்து உணவை அவர்க்குப் பகிர்ந்தளித்தனர்.

அத்துணைப் பெருமழைக்கு எவ்வூரும் முழுதும் அணியமாக இருத்தல் அரிது. எனினும் ஒன்று தெளிவு. இங்குள்ள தாழ்நிலம் முழுதும் பொருநை தன் கையால் இட்ட வண்டல். அதன் பழைய கிளைகளும் ஓடைகளும் கழியின் பழைய கைகளும் மண்ணுக்கு அடியில் மறைந்துள்ளன, மடிந்துவிடவில்லை. ஓடையை மேடாக்கி மனை வகுக்கலாம். சீமைக்கருவேலம் மண்டிய வாய்க்காலைக் கண்டும் காணாமல் செல்லலாம். முகத்துவாரத்து மணல் திட்டை மறந்துவிடலாம். வெள்ளம் வரும் நாளில் நீர் தன் பழைய வழியையே தேடி வரும். பத்திரத்தில் மாறிய நிலம் நீருக்கு மாறியதாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். காயல் என்பது கழியின் பெயர். அக்கழி பெயர்ந்தவாறே ஊர்கள் பெயர்ந்தன. கொற்கையை மூடியதும் காயலை வளர்த்ததும் பின் அதனையும் மூடியதும் ஒரே ஆற்றின் வண்டலே. துறைமுகம் நீங்கியபின்னும் உழவும் உப்பும் மீனும் குடிநீரும் அக்கழியைச் சார்ந்தே நிற்கின்றன.

பண்டையோர் கழி பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்தனர். அவர்க்குப் பெயர்தற்கு இடம் இருந்தது. நமக்கு அது இல்லை. ஊர்கள் நெருங்கிவிட்டன, சாலைகளும் உப்பளங்களும் ஆலைகளும் எல்லை கட்டிவிட்டன. ஆகவே நாம் பெயர்வதற்கு மாறாகக் கழிக்குரிய இடத்தைக் கழிக்கே விட்டு வைத்தல் ஒன்றே வழி. நீர்வழிகளைத் தூர்வாருதலும், முகத்துவாரத்தைக் காலந்தோறும் பேணுதலும், அலையாத்தியைக் காத்தலும், கோடையிலும் ஓரளவு நன்னீர் கழியை அடைய விடுதலும் அரசும் ஊராரும் இணைந்து செய்யத்தக்கன.

மாணவர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊரிலும் ஓடைக்கும் மடைக்கும் கலிங்குக்கும் பெயர் உண்டு. வெள்ளம் எவ்வழி வரும், எவ்வழி வடியும் என்பதை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். உழவரும் தோணிக்காரரும் உப்பளத் தொழிலாளரும் அறிந்த அப்பெயர்கள் எந்நூலிலும் ஏறவில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒருவர் தம் ஊர் நீர்வழிகளின் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதி, அவற்றின் போக்கையும் வரைந்து கொணர்வாராயின், அது சொல்லாராய்ச்சிக்கும் துணையாகும். அடுத்த வெள்ளத்தில் ஊரைக் காக்கவும் துணையாகும். காயல் என்னும் ஒரு சொல் ஈராயிரம் ஆண்டு வரலாற்றுக்குத் திறவுகோல் ஆயிற்றெனில், எழுதப்படாத அச்சிறு பெயர்கள் எத்தனை வழிகளைத் திறக்கும் என்பதை எழுதி வைத்த பின்னரே நாம் அறிய இயலும்.